காற்றடித்த இறுதி ஆட்டம்

மே 3, வெள்ளி

ததேயுஸ் அண்ணன் ஐஸ் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். எங்கள் விடிவெள்ளி கால்பந்துக் கழகத்துக்கு இது ஐம்பதாவது வருடம். சிறப்பு மலர் போடுகிறார்களாம், கழகத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். இராயப்பன்துறையில் பி.ஏ. வரலாறு படித்தவன் நான் ஒருத்தன்தான், அதிலும் இரண்டு பாடம் தேறவில்லை. அதைச் சொன்னேன். தேறினவன் எவன் இந்தக் கரையில் இருக்கிறான் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கழகத்தின் செயலாளர் அவர். அவரிடம் முடியாது என்று சொல்லி ஊரில் யாரும் தப்பியதில்லை.

சரி, எழுதித்தான் பார்ப்போமே. மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. பகலில் கிழிந்த வலையைத் தைப்பதும் சாயங்காலம் கோல் கம்பத்தில் நிற்பதும் தவிர எனக்கு வேறு ஜோலி இல்லை. வரலாற்றோடு என் அன்றாடப் பாட்டையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். மலருக்கு வேண்டியதை அப்புறம் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்று வலையில் பாதிகூட முடியவில்லை. புது நூல் மட்டமான சரக்கு, கண்ணுக்கே தட்டுப்பட மாட்டேன் என்கிறது.

மே 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்து உட்கார்ந்துவிட்டேன். வரலாறு இப்படித் தொடங்குகிறது.

1974-இல் பதினோரு பேர், ஒரு பந்து. கோல் கம்பத்துக்குக் கட்டுமரத்தின் உடைந்த கட்டைகள். கோல் வலைக்குச் சாளை மீன் பிடிக்கிற கிழிந்த வலை. அந்தக் காலத்தில் மற்ற ஊர்களில் கம்பம் மட்டும்தான் நிற்கும், பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் அடிதடி நடக்கும். எங்கள் கரையில் அந்தச் சண்டை கிடையாது. போன பந்து வலையில் கிடக்கும். வலைக்காரனிடம் யார் வாதாடுவது?

கடலோரக் கோப்பையை ஒன்பது தடவை வாங்கியிருக்கிறோம். இந்தக் கரையில் வேறு எவனும் நான்கைத் தாண்டவில்லை. இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றது ஒரே ஒரு தடவை, 1996-இல். அன்றைக்குக் கச்சான் காற்று மேற்கிலிருந்து மணலை வாரி அடித்ததாம், கீப்பர் சிலுவைதாசனின் கண்ணெல்லாம் மண். நான்கு கோல். காற்றடித்த இறுதி ஆட்டம் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

எங்கள் வழக்கத்தையும் எழுத வேண்டும். விடிவெள்ளியில் கீப்பரை யாரும் மாற்ற முடியாது. செயலாளரால் முடியாது, கேப்டனால் முடியாது, பங்குச்சாமியே வந்து சொன்னாலும் நடக்காது. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வட்டமாக நின்று செபம் சொல்லும்போது, அவனாகவே ஒருநாள் கையுறையைக் கழற்றி அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தப் பேச்சை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கீப்பரைக் கை நீட்டி அடித்ததற்குச் சமம். ஐம்பது வருடத்தில் ஐந்தே கீப்பர்கள். மற்றவன் சட்டை மாற்றுவதுபோல் கீப்பரை மாற்றுகிறான், அதனால்தான் அவனிடம் கோப்பை இல்லை.

ஐந்தாவது ஆள் நான், பெர்க்மான்ஸ். பத்தாவது கோப்பையை நான் நின்றுதான் வாங்குவேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மே 8, புதன்

மைதானத்துக்குப் புது விளக்குகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மாதா சொரூபத்தின் தலைக்குப் பின்னால் இருக்குமே, அந்த மாதிரி ஒரு வட்டம். கண்ட கம்பெனியின் விளக்கை வாங்கினால் இப்படித்தான் ஆகும். மாற்றுக் கீப்பர் ஜெரிக்கிடம் கேட்டேன். அவனுக்கு வட்டம் எதுவும் தெரியவில்லையாம். இருபத்துநாலு வயதுப் பயலுக்கு என்னதான் தெரியும்.

அவனால் இன்னொரு எரிச்சல். பயிற்சியில் எனக்கு அடிக்கிற பந்தையெல்லாம் என் வலப்பக்கமாகவே அடிக்கிறான். இடப்பக்கம் அடிக்கக் கால் வராதா என்று கேட்டால் பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்துகொள்கிறான்.

கிளீட்டஸ் அதற்கு மேல். என் மனைவி பிரிஸ்காவின் தம்பி, இடது பின்கள ஆட்டக்காரன். முன்னெல்லாம் நடுக்கோடுவரை ஏறிப் போய்ப் பந்தைக் கொண்டுவருவான். இப்போது என் இடது கம்பத்தை விட்டு நகர்வதே இல்லை. "மேல ஏறுல" என்று கத்தினால், சரி அத்தான் என்கிறான், அங்கேயே நிற்கிறான்.

மே 10, வெள்ளி

கால் இறுதி. மூன்றுக்குப் பூஜ்யம், எங்கள் வெற்றி. என் கைக்கு ஒழுங்காக ஒரு பந்து வரவில்லை. இடப்பக்கம் வந்ததையெல்லாம் கிளீட்டஸே துடைத்து எறிந்துவிட்டான். நான் எதற்கு அங்கே நிற்கிறேன், காக்கா விரட்டவா?

மே 12, ஞாயிறு

பைக்கில் வரும்போது மீன்கார கிறிஸ்டினா அக்காவின் தட்டில் உரசிவிட்டேன். இடப்பக்கம் திடீரென்று முளைத்துவிட்டாள். மீன் எல்லாம் ரோட்டில். அந்த அக்காவின் வாய் ஊருக்கே தெரியும், இன்றைக்கு என் ஏழு தலைமுறையும் நாறப்போகிறது என்று நின்றேன். "மெல்லப் போ மக்கா" என்று சொல்லிவிட்டு மீனைப் பொறுக்க ஆரம்பித்தாள். இவளுக்கு எப்போது இவ்வளவு பொறுமை வந்தது?

வீட்டில் பிரிஸ்கா பழைய பாட்டையே பாடினாள். இடது கண்ணில் வளர்ந்த சதை கருவிழியில் ஏறிவிட்டது, நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடக்கிற எவன் கண்ணில் சதை இல்லை? கோப்பை முடியட்டும் என்று சொல்லி வாயை அடைத்தேன். அவளும் ஒரு மாதிரித்தான் இருக்கிறாள். எனக்குத் தண்ணீர்ச் சொம்பை இடக்கைப் பக்கம் வைக்க வேண்டும், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கொஞ்ச நாளாக வலப்பக்கமே வைக்கிறாள்.

கண்களை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தேன். வலது கண் பளிச்சென்று இருக்கிறது. இடதில் கொஞ்சம் மங்கல், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி. காலண்டரில் தேதி தெரியவில்லை, ஆனால் காலண்டர் தெரிகிறது. பந்து என்ன தேதியா, எழுத்துக் கூட்டிப் படிக்க?

மே 14, செவ்வாய்

அரை இறுதி. ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம்.

கிளீட்டஸின் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

மே 15, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆட்டம் முடியச் சற்று முன்பு எதிரணிக்காரன் என் இடது ஓரத்திலிருந்து அடித்தான். அது என் பந்து. நான் தாவத் தயாராகத்தான் இருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் பந்து ஒரு நொடி காணாமல் போனது, மறுபடி தெரியும்போது கிட்டத்தில் இருந்தது. அதற்குள் கிளீட்டஸ் எங்கிருந்தோ குறுக்கே பாய்ந்து தலையால் தட்டிவிட்டு, போன வேகத்தில் இரும்புக் கம்பத்தில் மோதினான். அந்தச் சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது.

அவசரக் குடுக்கை. என் பந்தை என்னிடம் விட வேண்டியதுதானே. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவனிடம் அதைத்தான் கேட்டேன். சிரித்தான். "கோலு விழல்லல்லா, விடுங்க அத்தான்" என்றான். மூன்று மாதத்துக்குக் கடலுக்குப் போக முடியாது. தடைக்காலம் முடிந்து எல்லாப் படகும் இறங்கும்போது அவன் கரையில் நிற்பான்.

பிரிஸ்கா தம்பிக்குக் கஞ்சி கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள், சொம்பை வலப்பக்கம் வைத்தாள்.

மே 16, வியாழன்

1996-ஐ எழுத வேண்டியிருக்கிறது. சிலுவைதாசன் மாமாவைப் பார்க்கப் போனேன். கலங்கரை விளக்கத்துக்குப் போகிற ரோட்டில் தனியாக இருக்கிறார், மீன் பெட்டிகளைச் சீர்படுத்திக் கொடுக்கிற வேலை. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை, பழைய ஆட்டக்காரர் எவரோடும் பேசுவதில்லை. என்னையும் விரட்டிவிடுவார் என்றுதான் போனேன். விரட்டவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

அன்றைக்கு அடித்த காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள், மலருக்கு வேண்டும் என்றேன்.

"காத்தா?" என்றார். "அன்னைக்கு எல அசையல்ல."

வலக்கையை நீட்டிக் காட்டினார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கி ஒட்டிக் கிடந்தன. அந்த வருடம் தூண்டில் முள் உள்ளங்கையில் ஏறிச் சீழ் பிடித்து, ஆறின பிறகு இரண்டு விரலும் விரியவே இல்லையாம். பயிற்சியில் பந்து கையிலிருந்து நழுவும். எவனும் ஒன்றும் சொல்ல மாட்டான். யாராவது கேட்டால் கையுறையைக் கொடுத்துவிடலாம் என்று இவர் காத்திருக்க, இவராகக் கொடுப்பார் என்று அவர்கள் காத்திருக்க, இறுதி ஆட்டம் வந்துவிட்டது.

"எல்லாரும் எனக்கு மரியாத செஞ்சாவ. அந்த மரியாதயில போனதுதான் நாலு கோலும்" என்றார். "நாலாவது போனதும் திரும்பிப் பாத்தேன். ஒருத்தன் மூஞ்சிலயும் ஆச்சரியம் இல்ல. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு, இவனுவ எல்லாவனுக்கும் முன்னமே தெரியும்னு."

அப்புறம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் நின்ற இடத்துக்கு இடப்பக்கம்தான் இடம் காலியாக இருந்தது. அந்த மனுசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து என் வலப்பக்கம் போட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்தார்.

எப்படி வீடு வந்தேனோ தெரியாது. வலப்பக்கம் அடிக்கிற ஜெரிக். கம்பத்தை விட்டு நகராத கிளீட்டஸ். வாயைத் திறக்காமல் மீன் பொறுக்கின கிறிஸ்டினா அக்கா. தண்ணீர்ச் சொம்பு. மைதானத்துக்கே வராத மனுசன்வரை விஷயம் போயிருக்கிறது. ஊரே என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஊமை நாடகம் போட்டிருக்கிறது, நடுவில் நான் ஒருத்தன் கோமாளி.

கிளீட்டஸ் என் பந்தைத் தட்டவில்லை. எனக்குத் தெரியாத பந்தைத் தட்டினான்.

மே 17, வெள்ளி

ததேயுஸ் அண்ணன் கழக அறையில் கோப்பைகளுக்குச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். 1996-இல் கேப்டன் அவர்தான். காற்று அடித்ததா என்று நேராகக் கேட்டேன்.

"காத்துன்னே எழுதுல" என்றார்.

சிலுவைதாசன் மாமாவைப் பார்த்தேன் என்றேன். துலக்குகிற கை நின்றது. வழக்கம் என்று ஒன்று இருக்கும்போது தான் எப்படிக் கேட்பது, கேட்டிருந்தால் சிலுவை அன்றைக்கே செத்திருப்பானே என்றார். கேட்காததால் மட்டும் மாமா இருபத்தெட்டு வருடமாக நன்றாக வாழ்ந்துவிட்டாரோ என்று கேட்டேன். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். வயதில் மூத்தவர், எனக்குக் கையுறை வாங்கித் தந்தவர். அவர் முகம் சுண்டிப் போனது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

"எனக்க விசயமும் தெரியுமாண்ணே?"

கோப்பையை எடுத்து மறுபடி துலக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

மே 18, சனி

நாளை இறுதி ஆட்டம், கூத்தன்துறைக்காரர்களோடு. தெருவெல்லாம் கொடி. டீக்கடையில் எல்லோரும் என் முதுகில் தட்டி, பத்தாவது உன் கையில்தான் என்கிறார்கள். இதில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒவ்வொருத்தன் முகத்தையும் பார்த்தேன். எல்லோருக்கும் தெரியும் போலவும் இருக்கிறது, ஒருத்தனுக்கும் தெரியாது போலவும் இருக்கிறது.

பயமாக இருக்கிறது, எழுதினால் என்ன. கையுறையைக் கொடுத்துவிட்டால் நான் யார்? வலை தைக்கிற ஒருத்தன், அதுவும் நூல் தெரியாதவன். கொடுக்காவிட்டால் நாளை இடப்பக்கத்தில் நிற்கப்போகிறவன் எட்வின். அவன் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம். அவனும் கம்பத்தில் போய் மோத மாட்டான் என்று என்ன நிச்சயம்?

சும்மா கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். கழகத்தின் வழக்கம் அதுதான், காரணம் யாரும் கேட்கப்போவதில்லை. ஊர் என்னைப் பெரிய மனுசன் என்று சொல்லும். சின்னவனுக்கு வழிவிட்டான் பார் என்று மலரில்கூடப் போடுவார்கள்.

அந்தப் பொய்யும் இன்னொரு காற்றுதான்.

மே 19, ஞாயிறு

செபத்துக்கு வட்டமாக நின்றோம். தோளில் கட்டோடு கிளீட்டஸும் வந்து நின்றான். ததேயுஸ் அண்ணன் தலையைக் குனிந்திருந்தார். அருள்நிறைந்த மரியே முடிந்ததும் கையுறையைக் கழற்றினேன். இடது கையுறை லேசில் வரவில்லை, வியர்வை. ஜெரிக் கையை நீட்டவே இல்லை, அவன் கையைப் பிடித்து இழுத்து அதில் வைத்தேன்.

"எனக்கு எடது கண்ணு தெரியல்ல" என்றேன். "ரெண்டு மாசமா தெரியல்ல."

சுற்றிப் பார்த்தேன். சிலுவைதாசன் மாமா சொன்னதேதான். ஒருத்தன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"தெரியும் அத்தான்" என்றான் கிளீட்டஸ்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் கட்டுப் போட்ட தோளிலேயே ஒன்று வைத்திருப்பேன். "தெரிஞ்சா சொல்லணும்ல! எலும்ப ஒடிச்சுக்கிட்டா சொல்லுவ?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். அவன் ஒற்றைக் கையால் என்னைக் கட்டிக்கொண்டான். நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்ட பிறகுதான் எல்லோரும் அசைந்தார்கள்.

ஆட்டத்தை வெளியில் உட்கார்ந்து பார்ப்பது நரகம். கோலுக்குள் நின்றால் பயம் ஒரு பந்துக்குத்தான், வெளியில் எல்லாப் பந்துக்கும். முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் அவர்கள் ஒன்று திருப்பினார்கள். ஜெரிக் இரண்டு பந்தை என்னமாய்ப் பிடித்தான், அதில் ஒன்று இடப்பக்கம் தாழ்வாக வந்தது, நான் என் நல்ல காலத்திலேயே விட்டிருப்பேன். பத்து கோப்பை, பத்து கோப்பை என்று ஊர் கத்துகிறது. கடைசியில் ஒரு சாதாரணப் பந்து, உயரமாக வந்தது, அவன் கைக்குள் விழுந்து வழுக்கி வலைக்குள் போய்விட்டது. இரண்டுக்கு ஒன்று. தோற்றோம்.

விசில் ஊதினதும் எனக்குப் பின்னால் ஆரம்பித்தார்கள். பெர்க்மான்ஸ் நின்றிருந்தால் பிடித்திருப்பான், சின்னப் பயலிடம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று. ஜெரிக் கோல் வலைக்குள்ளேயே முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வருடம் கழித்து அவன் மீன் பெட்டி அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. போய்த் தூக்கி நிறுத்தினேன்.

பரிசளிப்பில் தோற்ற அணிக்காகச் செயலாளர் பேசுவது முறை. ததேயுஸ் அண்ணன் மைக்கைப் பிடித்தார். மேடையிலிருந்து தெருக்கோடிவரை தென்னைக்குத் தென்னை ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள்.

"பெரியோர்களே, இன்னைக்கு அடிச்ச காத்துல..." என்று ஆரம்பித்தார்.

நான் ஜெரிக்கின் தோளைப் பிடித்தபடி கீழே நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நிறுத்தினார். குழாய் எல்லாம் கொர்ரென்று இரைந்தது.

"இன்னைக்குக் காத்து ஒண்ணும் இல்ல. அவனுவ நல்லா ஆடுனானுவ, நாம தோத்தோம். ஜெரிக்குப் பயலும் நல்லாத்தான் ஆடுனான். பெர்க்மான்சுக்குக் கண்ணு சொகமில்ல, எனக்கும் தெரியும், கேக்காம இருந்தது எனக்க தப்பு."

முடித்துவிட்டார் என்று நினைத்துக் கூத்தன்துறைக்காரர்கள் கைதட்டினார்கள். அவர் மைக்கை விடவில்லை.

"தொண்ணூத்தாறுலயும் காத்து இல்ல" என்றார். "சிலுவ, கேக்குதால? அன்னைக்குக் காத்து இல்லல."

கலங்கரை விளக்க ரோட்டிலும் ஒரு குழாய் கட்டியிருந்தது, எனக்குத் தெரியும்.

மே 20, திங்கள்

காலையில் டீக்கடையில் சிலுவைதாசன் மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ததேயுஸ் அண்ணன். கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மாமா மூன்று விரலால் கிளாசைப் பிடித்துக் குடித்து முடித்தார். ததேயுஸ் அண்ணன் இன்னொரு டீ சொன்னார்.

சாயங்காலம் பயிற்சிக்குப் போனேன், சும்மா பார்க்க. ஜெரிக் உயரப் பந்துக்குக் கையைச் சீக்கிரமே மூடுகிறான் என்று எட்வின் அவன் முகத்துக்கு நேரே சொன்னான். விடிவெள்ளியில் ஒரு கீப்பரிடம் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஜெரிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. அப்புறம் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னான்.

மே 22, புதன்

1996-ஐ எழுதிக் கொடுத்துவிட்டேன். ததேயுஸ் அண்ணன் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வருகிறது. சதையை அறுத்து எடுத்துவிடலாமாம், பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை அப்புறம்தான் சொல்ல முடியும் என்று போனில் சொன்னார்களாம். பிரிஸ்கா என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். வலப்பக்கம் வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. ஏறினதிலிருந்து அந்தப் பக்கம் என்ன போகிறது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வருகிறாள். உப்பளம் வருது, காத்தாடி மில்லு வருது, ஒரு மாட்டு வண்டி, ஒரு கல்யாண வீடு. நான் எதையும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொல்கிறாள்.